மறதி எனக்கென்று சொன்னேன்

செப்டம்பர் 14, ஞாயிறு

ஹூஸ்டன் வந்து இன்றோடு எட்டு நாள். சூட்கேஸின் அடியில் கிடந்த இந்த நோட்டை இப்போதுதான் எடுத்தேன். முப்பத்தொரு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நேரம் போட்டுப் போட்டு எழுதிப் பழகிய கை. ஒரு வாரம் எழுதாமல் இருந்ததே அதிசயம்.

மகள் சொர்ணலதாவின் வீடு நகரத்திலிருந்து முக்கால் மணி நேரம் தள்ளி, ஒரே அச்சில் வார்த்த மாதிரி வீடுகள் நிற்கும் தெருவில் இருக்கிறது. மாப்பிள்ளை ஜெகன் கோயம்புத்தூர்ப் பக்கம். பேச்சில் மரியாதை குறையாது. இருவருக்கும் கம்ப்யூட்டர் வேலை. ஆறு மாதம் இருந்துவிட்டுப் போங்கள் என்று டிக்கெட் போட்டதே மாப்பிள்ளைதான்.

இங்கே கதவெல்லாம் வெள்ளை. எது குளியலறை, எது துணி வைக்கும் அறை என்று பார்த்தவுடன் தெரியாது. காலையில் என் வீட்டுக்காரர் துணி அறைக் கதவைத் திறந்து வெகுநேரம் உள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றார். புது இடம். யாருக்கும் அப்படித்தான் இருக்கும். 'குளியல் அறை', 'படுக்கை அறை' என்று தாளில் பெரிதாக எழுதிக் கதவுகளில் ஒட்டினேன்.

சொர்ணா பார்த்துச் சிரித்தாள். "என்னம்மா இது, பள்ளிக்கூடம் மாதிரி?"

"எனக்குத்தான் ஏட்டி. கதவு மாறிப் போயிருது."

செப்டம்பர் 17, புதன்

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்து, கூரையில் இருக்கும் புகை மணி அலறிவிட்டது. அடுப்பைப் பற்றவைத்தது நான்தான் என்று சொல்லிவிட்டேன். அதில் என்ன இருக்கிறது.

செப்டம்பர் 20, சனி

மாப்பிள்ளை எங்களை ஆற்றங்கரைப் பூங்கா ஒன்றுக்கு அழைத்துப் போனார். 'ஸ்டேட் பார்க்' என்கிறார்கள். பூங்கா என்றால் ஊஞ்சலும் பூச்செடியும் என்று நினைத்துப் போனேன். இது காடு. ஓக் மரக் கிளைகளிலிருந்து சாம்பல் நிறத்தில் பாசி தொங்குகிறது. நடுவில் ஏரிகள், ஒரு பக்கம் முழுக்க பிராசோஸ் என்கிற ஆறு.

வாசலில் பெரிய வரைபடப் பலகை. என் வீட்டுக்காரர் தாலுகா ஆபீஸில் சர்வேயராக இருந்தவர். பலகையை விட்டு நகரவே இல்லை.

"செம்பா, இங்க பாரு. வடக்கு போட்டிருக்கான், அளவுகோல் போட்டிருக்கான். சுத்தமான வேலை" என்று விரலால் பாதைகளைத் தடவிக்கொண்டே இருந்தார். அந்த முகத்தைப் பார்த்து எத்தனை மாதம் ஆகிறது! சொர்ணாவுக்கும் சந்தோஷம். "அப்பாவுக்கு இந்த இடம் பிடிச்சிருக்கு, வாராவாரம் வருவோம்" என்றாள்.

ஏரிக்கரையில் கறுப்பாக ஒரு மரத்துண்டு கிடந்தது. அது கண்ணைத் திறந்தது. முதலை! வேலி இல்லை, கம்பி இல்லை. நடைபாதையிலிருந்து பத்து எட்டு இருக்கும்.

"முப்பதடி தள்ளியே நிக்கோணுங்க அத்தை. சும்மா இருந்தா அதும் சும்மா இருக்கும்" என்றார் மாப்பிள்ளை.

ஆறு இன்னும் மோசம். செம்மண் நிறத் தண்ணீர். கரை செங்குத்தாக அறுந்து நிற்கிறது. மேலே புல், கீழே மண் இல்லை. அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டேதான் எட்டிப் பார்த்தேன்.

திரும்பும்போது காரில், ஊர்ப் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர் போலக் கேட்டார்: "அம்பைக்கு எத்தன மணிக்குப் போய்ச் சேரும்?"

மாப்பிள்ளை வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

செப்டம்பர் 24, புதன்

பகல் பதினொன்று முப்பதுக்குத் தபால் பெட்டியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனார். பெட்டி தெருமுனையில்தான். பன்னிரண்டாகியும் வரவில்லை. செருப்புகூடப் போடாமல் ஓடினேன். மூன்றாவது தெருவில் யாரோ ஒருவருடைய வாசல் படியில் உட்கார்ந்து சட்டைப் பையில் சாவி தேடிக்கொண்டிருந்தார். அந்த வீட்டு அம்மாள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள், கையில் போன். இன்னும் ஐந்து நிமிடம் போயிருந்தால் போலீஸைக் கூப்பிட்டிருப்பாள்.

என் உள்ளங்காலில் கொப்புளம். சாயங்காலம் சொர்ணா பார்த்துவிட்டுக் கேட்டாள். "நான்தான் வழி மாறிப் போயிட்டேன். அப்பாதான் வந்து கூட்டிட்டு வந்தாவ" என்றேன்.

அவர் அப்போது பக்கத்திலேயே இருந்தார்.

செப்டம்பர் 27, சனி

மறுபடி அதே பூங்கா. மீன் பிடிக்கும் இடத்தில் ஒரு கறுப்பினப் பெரியவர் தூண்டில் போட்டிருந்தார். நான் தண்ணீர் பாட்டிலை எடுக்கக் குனிந்து நிமிர்ந்தேன், இவரைக் காணோம். பார்த்தால் அந்தப் பெரியவரிடம் தமிழில் விசாரணை நடக்கிறது. "பட்டா யார் பேர்ல இருக்கு? எவ்வளவு நாளா அனுபவிக்கிறீங்க?" அந்த மனிதரும் தலையை ஆட்டி ஆட்டி, "யெஸ் சார், யெஸ் சார்" என்று வாளியிலிருந்த மீனைத் தூக்கிக் காட்டினார். நல்ல மனிதர்.

சொர்ணா தூரத்தில் இருந்தாள். கேட்டிருக்காது.

அக்டோபர் 2, வியாழன்

விட்டமின் பாட்டிலுக்குள் போட்டு வைத்திருந்த மாத்திரையை சொர்ணா பார்த்துவிட்டாள். அட்டையோடு வைத்தது என் தப்பு. பேரைப் போனில் தட்டிப் பார்த்துவிட்டு, சமையலறைக்கு வந்து கதவோரம் நின்றாள். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"ம்மா, இது ஞாபக மறதிக்குக் குடுக்கிற மாத்திரையாம். யாருக்கு?"

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஹாலில் அவர் இருமுவது கேட்டது.

"உனக்கா ம்மா?"

ஆமாம் என்றேன்.

அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "கதவுல பேப்பர் ஒட்டும்போதே எனக்குச் சந்தேகம். ஏன் ம்மா சொல்லல?" வெங்காயம் நறுக்கிய கையோடு அவள் முதுகைத் தடவினேன். என் பிள்ளை எனக்காக அழுகிறது. நானோ கல்லு மாதிரி நிற்கிறேன்.

அக்டோபர் 3, வெள்ளி

எனக்கு வைத்த தோசையை அப்படியே மூடி வைத்தேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

என்னை இப்போது அடுப்புப் பக்கம் தனியாக விடுவதில்லை. நான் எங்கே இருக்கிறேன் என்று காட்டும் ஒன்றைச் சொர்ணா என் போனில் போட்டிருக்கிறாள். சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்று ஆபீஸிலிருந்து மூன்று முறை கூப்பிடுகிறாள். மாத்திரையை அவள் கண் முன்னால் வாயில் போட்டு, நாக்கின் அடியில் ஒதுக்கி, பிறகு துப்பிக் கழுவி அவருக்குக் கொடுக்கிறேன். எழுதும்போதே அருவருப்பாக இருக்கிறது.

இன்று சாப்பாட்டு மேசையில் சொர்ணா மாப்பிள்ளையிடம் சொன்னாள்: "இனிமே அம்மாவை வெளியில எங்கயும் தனியா விடக்கூடாது, ஜெகன். அப்பா இருக்காங்க, பரவால்ல. அப்பா பாத்துக்குவாங்க."

அவர் நாளிதழை விரித்து வைத்திருந்தார். அரை மணி நேரம் பக்கம் திருப்பவில்லை.

அக்டோபர் 11, சனி

மழை. பூங்காவுக்குப் போகவில்லை. சாமிக்கு ஒரு கும்பிடு.

அக்டோபர் 17, வெள்ளி

நாளைக்குப் பூங்காவுக்குப் போகிறார்களாம். திங்கட்கிழமை தீபாவளி, அதற்கு முன்னால் ஒருநாள் வெளியே சாப்பிடலாம் என்று மாப்பிள்ளை புளியோதரைக்குப் புளியும் ஊறப் போட்டுவிட்டார். தலைவலி என்றேன், முழங்கால் என்றேன்.

"நடந்தா மறதிக்கு நல்லதாம் ம்மா. நான் உன் கையை விட மாட்டேன், பயப்படாத" என்கிறாள்.

என் கையை விடாமல் இருந்து என்ன செய்ய?

அக்டோபர் 19, ஞாயிறு, காலை

நேற்று நடந்ததை எழுத வேண்டும்.

பகல் ஒன்றரைக்குப் போய்ச் சேர்ந்தோம். ஓக் மரத்தடியில் மேசை. புளியோதரை, அப்பளம், மோர். அவர் நன்றாகச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்ததும் எனக்குக் கழிப்பறை போக வேண்டியிருந்தது. எண்பது அடி தூரம்கூட இருக்காது, மேசையிலிருந்தே கட்டிடம் தெரிகிறது.

"நான் போயிட்டு வாரேன், நீ அப்பா கூட இரி" என்று சொர்ணாவிடம் சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன்.

"தனியா போகக்கூடாதுன்னு சொல்லியிருக்கேன்ல" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்னப் பிள்ளையைக் கூட்டிப் போவது போலக் கூட்டிப் போனாள். திரும்பிப் பார்த்தேன். மாப்பிள்ளை அவர் பக்கத்தில்தான் இருந்தார். அந்தத் தைரியத்தில் போனேன்.

நாங்கள் வரும்போது மேசையில் யாரும் இல்லை. மாப்பிள்ளை காரிலிருந்து ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.

"மாமா எங்கீங்க?"

"உங்க கூடத்தானே இருந்தாவ?" என்றேன்.

"அஞ்சே நிமிஷமுங்க அத்தை. பெட்டி எடுக்கப் போனேன். மாமா சும்மா உக்காந்திட்டிருந்தாங்க."

மணி இரண்டு நாற்பது.

முதலில் அவர்கள் பதறவில்லை. அப்பா வரைபடம் பார்க்கப் போயிருப்பார் என்று சொர்ணா சொன்னாள். வாசல் பலகை வரை மாப்பிள்ளை ஓடிப் பார்த்தார். இல்லை. போனை மேசையிலேயே விட்டுப் போயிருந்தார். ஏரியைச் சுற்றி நடந்தோம். நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லாதவள். நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக, "ஆவுடையப்பன்! ஆவுடையப்பன்!" என்று கத்தினேன். கரையில் கிடந்த முதலை ஒன்று சத்தமே இல்லாமல் தண்ணீருக்குள் இறங்கிப் போயிற்று.

மூன்றே காலுக்குப் பூங்கா அலுவலகம். காக்கிச் சட்டை போட்ட ரேஞ்சர் அம்மாள், ராமிரெஸ் என்று மார்பில் பெயர். நாற்பத்தைந்து வயது இருக்கும். மேசை மேல் வரைபடத்தை விரித்து நிதானமாகக் கேள்வி கேட்டார். வயது? எழுபது. என்ன சட்டை? நீலக் கட்டம். நடை எப்படி? நன்றாக நடப்பார்.

"அவருக்கு ஞாபக மறதி, மனக் குழப்பம், அந்த மாதிரி ஏதாவது உண்டா?"

"இல்லை" என்றாள் சொர்ணா. "அம்மாவுக்குத்தான் உண்டு. அப்பா தெளிவானவர். சர்வேயர். வரைபடம் அவருக்கு மனப்பாடம்."

இங்கிலீஷ் எனக்கு நன்றாகப் புரியும். முப்பத்தொரு வருஷம் காதில் கேட்ட பாஷை. ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

ராமிரெஸ் என்னைப் பரிவோடு பார்த்து ஒரு நாற்காலி கொடுத்தார். அப்படிப்பட்டவர் என்றால் பாதையை விட்டு விலகியிருக்க மாட்டார், பெரிய சுற்றில் போயிருப்பார், ஒரு மணி நேரத்தில் தானே வந்துவிடுவார் என்றார். இரண்டு பேரை நடைபாதைகளில் அனுப்பினார். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். சுவரில் கடிகாரம். மூன்று இருபத்தைந்து. மூன்று நாற்பது. மூன்று ஐம்பது.

ஏன் சொல்லவில்லை என்று எழுதிவிடுகிறேன். மார்ச் மாதம் பாளையங்கோட்டை டாக்டர் ஸ்கேன் பார்த்துச் சொன்ன அன்று, பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அவர் என் கையைப் பிடித்தார். பொது இடத்தில் அவர் அப்படிச் செய்ததே கிடையாது. "செம்பா, சொர்ணாவுக்குத் தெரியக் கூடாது. மாப்பிள்ளை முன்னால நான் பைத்தியக்காரனா நிக்க மாட்டேன். சத்தியம் பண்ணு" என்றார். பண்ணினேன். அவருக்குத் தந்த சத்தியத்தைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். அது மட்டும் இல்லை. எனக்கே பயம். இந்த நோட்டில்கூட எழுதவில்லையே, யாருக்குப் பயந்து? எழுதினால் அது வந்துவிடும் என்று பயந்தேன். அது வந்து ஏழு மாதம் ஆகிவிட்டது.

நான்கு மணிக்கு வயர்லெஸ்ஸில் ஏதோ சொன்னார்கள். சைக்கிளில் போன ஒரு பெண், நீலச் சட்டைப் பெரியவர் ஒருவர் பாதையை விட்டு இறங்கி, கையில் ஒரு கம்போடு, ஆற்றுப் பக்கம் மரங்களுக்குள் நேராக நடந்து போனதைப் பார்த்தாளாம். அது ஒரு மணி நேரத்துக்கு முன்னால்.

"அது அப்பாவா இருக்காது. அப்பா அப்படிப் போக மாட்டாங்க" என்றாள் சொர்ணா.

எழுந்தேன். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"மறதி எனக்கில்லை. அவருக்கு" என்று இங்கிலீஷில் சொன்னேன். "மகளுக்குத் தெரியாது. நான் பொய் சொன்னேன். சில நேரம் அவருக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாது. மாத்திரை அவருடையது."

சொர்ணா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத முடியாது.

ராமிரெஸ் ஒரு வினாடிகூடக் கோபப்படவில்லை. ஆனால் முகம் மாறிவிட்டது. வயர்லெஸ்ஸை எடுத்துத் தடதடவென்று பேசினார். நாய், கூடுதல் ஆள், படகு. படகு எதற்கு என்று நான் கேட்கவில்லை. பிறகு என் முன்னால் குந்தி உட்கார்ந்து, என் கண்ணைப் பார்த்துக் கேட்டார்:

"அவர் தன்னை எங்கே இருப்பதாக நினைப்பார்? வீட்டிலா, வேலையிலா?"

"வேலையில்."

"வேலையில் இருந்தால் எங்கே போவார்?"

யோசிக்க நேரமே ஆகவில்லை. "எல்லைக்கு. நிலத்துக்கு எல்லை எங்கே முடிகிறதோ அங்கே. அங்கேதான் சர்வே கல் இருக்கும்."

அவர் வரைபடத்தில் விரலை வைத்தார். பூங்காவின் மேற்கு வேலி காட்டுக்குள் ஓடி ஆற்றங்கரையில் போய் முடிகிறது. நாங்கள் தேடிக்கொண்டிருந்த ஏரி கிழக்கே.

ஐந்தே முக்காலுக்கு வேலி ஓரத்தில் பார்த்துவிட்டார்கள். உயிரோடுதான். ஆனால் கிட்டே போக முடியவில்லை என்றார்கள். சீருடை ஆட்களைப் பார்த்தால் பின்னால் பின்னால் போகிறாராம். பின்னால் ஆறு.

என்னைச் சின்ன வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார் ராமிரெஸ். சொர்ணா ஏற வந்தாள், இடம் இல்லை. மரத்துக்கு மரம் வண்டி குதித்தது. வெயில் சாய்ந்துவிட்டது. தரையெல்லாம் நீள நீளமாக நிழல். இருட்டுவதற்கு முன்னால், இருட்டுவதற்கு முன்னால் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

வேலியின் கடைசிக் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றார். ஒரு காலில் செருப்பு இல்லை. முழங்கால் வரை சேறு. கையில் கம்பு. இரண்டு கணுக்காலும் செவ்வெறும்பு கடித்து வீங்கியிருந்தன. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. அவருக்குப் பின்னால் ஒரே எட்டு. அதற்கப்புறம் புல் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது, கீழே மண் இல்லை. தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

"ஏங்க" என்றேன்.

என்னைப் பார்த்தார். நாற்பது வருஷம் என்னைப் பார்த்த கண் இல்லை அது.

"யாரும்மா நீங்க?"

நான் செம்பா என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அவர் நம்பாமல் இன்னொரு எட்டு பின்னால் வைத்தால்?

"மனு குடுத்தவ சார்" என்றேன்.

முகம் தெளிந்தது. "ஓ, நீங்கதானா. உங்க கல்லைக் காணலியேம்மா. மதியத்துல இருந்து தேடுதேன். எவனோ பிடுங்கிட்டான்."

"பரவால்ல சார். நேரமாச்சுல்லா. தாசில்தார் உங்களக் கூட்டிட்டு வரச் சொன்னாவ. மிச்சத்த நாளைக்குப் பாப்போம்."

"அளக்குற சங்கிலிய எடுக்கணும்."

"ஆள் எடுத்துட்டு வருவாவ சார். நீங்க வாங்க."

கையை நீட்டினேன். அவர் கம்பை வேலியில் கவனமாகச் சாய்த்து வைத்தார். ஒரு எட்டு. இன்னொரு எட்டு. என் கையைப் பிடித்தார். அவர் கை முழுக்க முள் கீறல்.

"வழி தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டார்.

"தெரியும் சார்."

ராமிரெஸ் பின்னாலிருந்து அவர் தோளைப் பிடித்த பிறகுதான் என் பிடியைத் தளர்த்தினேன். மணி ஆறு பத்து.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. தலைக்கு எண்ணெய் வைத்தோம். அவர் காலில் களிம்பு போட்டேன். சொர்ணா என்னிடம் பேசவில்லை.

அக்டோபர் 21, செவ்வாய்

இன்று பேசினாள். பேசாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

"முக்கால் மணி நேரம் ம்மா. அந்த நாற்காலியில உக்காந்திருந்தியே. அந்த நேரத்துல அப்பா ஆத்துக்குள்ள போயிருந்தா?"

"தெரியும்."

"என்னை நம்பலியா நீ? ராத்திரி எல்லாம் உனக்காக அழுதிருக்கேன். உன்னைப் பாத்துக்கிட்டு அப்பாவை விட்டுட்டேனே!"

மாப்பிள்ளை குறுக்கே வந்தார். "நாந்தானே சொர்ணா விட்டுட்டுப் போனேன். அத்தையை எதுக்குத் திட்டறே?" அவர் குரல் உடைந்துவிட்டது. யாருக்கு முன்னால் தலை குனியக் கூடாது என்று இத்தனையும் செய்தேனோ, அந்தப் பிள்ளை மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

அவள் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை.

அக்டோபர் 24, வெள்ளி

இங்கே ஒரு டாக்டரிடம் காட்டினோம். இந்தியர்தான், குஜராத்தி. இந்த நோய் திரும்பிப் போகாது, மெதுவாக்கலாம் என்றார். எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து கேட்டோம். சொர்ணா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். கதவுக்கு உள்பக்கத் தாழ், கையில் பேர் எழுதிய வளையம், ஒரு வேளையாவது சேர்ந்து நடப்பது.

வெளியே வந்து கார் நிறுத்தும் இடத்தில் அவள் ஒரு கையில் அவரையும் இன்னொரு கையில் என்னையும் பிடித்துக்கொண்டாள். எனக்கு எதற்கு என்று கேட்கவில்லை. பிடித்தபடி நடந்தேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

இன்று காலை அவர் தெளிவாக இருந்தார். காபி குடித்துவிட்டுக் கணுக்காலைத் தடவிக்கொண்டே, "எறும்புக் கடியா இது?" என்றார். ஆமாம், பூங்காவில் என்றேன்.

"நீ சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

திட்டுவார் என்று நினைத்தேன். சத்தியம் பண்ணினாயே என்று கேட்பார் என்று நினைத்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினார். அவ்வளவு நீளமாக அவர் பேசி வெகுநாள் ஆகிறது.

"அன்னைக்கு நான் அளக்கப் போகல செம்பா. உங்க ரெண்டு பேர் பின்னால வரத்தான் எந்திரிச்சேன். அவ உன் கையப் பிடிச்சுக் கக்கூசுக்குக் கூட்டிட்டுப் போறா. நீ ஒண்ணும் சொல்லாம போற. பாத்துக்கிட்டு உக்கார முடியல. பைத்தியம் நான்தான் மக்கா, அம்மா இல்லன்னு சொல்லிரணும்னு வந்தேன். ரெண்டு எட்டு வச்சேன், பாதை ரெண்டாப் பிரிஞ்சு கிடந்துச்சு. எதுல போனியன்னு தெரியல."

"அதுக்கு முன்னால சொல்லியிருக்கலாம்லா?"

"பயம்" என்றார். "பேப்பர வச்சு முகத்த மறைச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். நீ என் மாத்திரைய வாயில போடுததப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

அது உண்மையாகவே அவருக்கு நினைவிருக்கிறதா, இல்லை மனசு இப்போது கட்டிச் சொல்கிறதா, எனக்குத் தெரியாது. டாக்டர் இரண்டும் நடக்கும் என்றார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன எழுதுகிறோம் என்று தெரியாமல் இந்த நோட்டின் ஓரத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. நாளைக்கு நான் யார் என்று கேட்டால்? நாளை மறுநாள்?

பத்து நிமிடம் கழித்து என் பக்கம் சாய்ந்து மெல்லிய குரலில் கேட்டார்:

"செம்பா, சொர்ணாகிட்ட சொல்லிரலாமா?"

சமையலறையில் தோசைக்கல் முன்னால் நின்ற சொர்ணாவுக்கு அது கேட்டிருக்கிறது. அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தாள்.

"என்னப்பா? என்கிட்ட என்ன சொல்லணும்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

"கோவப்படக் கூடாது, மக்கா."

"மாட்டேன் ப்பா. சொல்லுங்க."

அவர் சொன்னார். மார்ச் மாதம், பாளையங்கோட்டை, பஸ், எல்லாவற்றையும் முதலிலிருந்து. இடையில் இரண்டு முறை நின்று, சொல் கிடைக்காமல் தேடினார். அவள் எடுத்துக் கொடுக்கவில்லை. இப்போதுதான் கேட்பவள் போல அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு, அவர் முடிக்கும் வரை இருந்தாள்.